மழைக்கு வளவில் ஓரிடம் கொடுங்கள்

மழை பெய்யும்போது உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து வடியும் தண்ணீர் எங்கே போகிறது என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? முற்றத்துச் சீமெந்தில் வழிந்து, கடப்பால் வெளியேறி வீதிக்குப் போகலாம். வீதிக் கான் அடைத்திருந்தால் திரும்பி வாசலுக்கே வரலாம். அல்லது அடுத்த வீட்டு மதிலடியில் போய்த் தேங்கி, இரு வீட்டாருக்கும் இடையில் மனஸ்தாபத்தை உண்டாக்கலாம். எங்கே போனாலும் தொல்லை விட்டது என்று இருந்துவிடுகிறோம். அதே வீட்டில் ஆகஸ்ட் மாதம் வந்ததும் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது, தேநீர் ருசிக்கவில்லை, உடுப்புக் கழுவினால் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று குறைப்படுகிறோம்.

சகோதரிகளே, இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ள விஷயங்கள். மாரியில் வீதிக்கு அனுப்பிய தண்ணீரைத்தான் கோடையில் கிணற்றில் தேடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை 1,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 93 சதுர மீற்றர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீற்றர் பெய்தால், அந்தக் கூரையிலிருந்து 2,300 லீற்றர் தண்ணீர் இறங்குகிறது. 1,000 லீற்றர் தாங்கி இரண்டை நிரப்பி மேலும் மிஞ்சும். மாரி காலத்தில் ஒரே இரவில் இதைவிடப் பல மடங்கு பெய்வதை நாம் அறிவோம். அல்லாஹ் அருளிய இந்த நீர் முழுவதையும் தாங்கி கட்டிச் சேமிக்க எல்லோருக்கும் வசதி இராது. ஆனால் வளவின் ஓர் ஓரத்தில் மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு மண்வெட்டியும் ஒரு நாள் வேலையும் போதும்.

மழைப் பாத்தி என்றால் என்ன?

கூரைத் தண்ணீர் வந்து சேரும்படி ஆழமில்லாத ஒரு பள்ளம் வெட்டி, அதில் செடிகள் நட்டு, தண்ணீர் ஒரு நாளைக்குள் மண்ணில் சுவறிப் போகும்படி அமைப்பதுதான் மழைப் பாத்தி. அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் 1990 ஆம் ஆண்டளவில் புதிய வீட்டுத் திட்டங்களில் இதை 'மழைத் தோட்டம்' என்ற பெயரில் அமைக்கத் தொடங்கினார்கள். பெயர் புதிது என்றாலும் விஷயம் நமக்குப் புதிதல்ல. தென்னையடியில் வட்டப் பாத்தி கட்டி மாரித் தண்ணீரை மறித்து வைத்த நம் பெரியவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

இதைக் குளமென்றோ அலங்காரத் தடாகமென்றோ நினைத்துவிடாதீர்கள். குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மழைப் பாத்தியில் தண்ணீர் நிற்கவே கூடாது. இன்று மாலை நிறைந்த பாத்தி நாளை மாலைக்குள் வற்றியிருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மறந்துவிட்டால் மழைப் பாத்தி நுளம்புக் குழியாகிவிடும். பாத்தியை வெட்டுவது ஒரு நாள் வேலை. அதைப் பாத்தியாகவே வைத்திருப்பது வருடம் முழுவதும் சிறிது சிறிதாகச் செய்யும் பராமரிப்பு.

கிணற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கிழக்குக் கரையோர ஊர்களிலும், புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிப் பகுதியிலும் கிணற்று நீர் என்பது மணலுக்குள் தங்கியிருக்கும் மழைநீரே. நன்னீர் கடல் நீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே மண்ணுக்குள் அது உப்பு நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து கொண்டிருக்கிறது. மழை உள்ளே இறங்க இறங்கப் படலம் தடிக்கும். நாம் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அது மெலியும். மெலிந்த இடத்தில் அடியிலுள்ள உப்பு நீர் மேலேறி வந்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது கிழக்குக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகள் உப்பாகிப் போயின. கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தப்படுத்தினார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு நீர் மேலே வந்துவிடும் என்று நிலத்தடி நீர் நிபுணர்கள் எச்சரித்தார்கள். கடைசியில் அடுத்தடுத்து வந்த மாரி மழைகள் மணலுக்குள் இறங்கித்தான் கிணறுகளைப் படிப்படியாகத் தேற்றின. கிணற்றுக்கு மருந்து மழைதான் என்பதை அந்தத் துயரமான காலம் நமக்குக் கற்றுத் தந்தது.

இன்று என்ன செய்கிறோம்? வெளிநாட்டு உழைப்பில் வீடு கட்டி முடிந்ததும் முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடுகிறோம், அல்லது கல் பதிக்கிறோம். கூட்டுவதற்கு இலகு, மழையில் சேறு இல்லை, பார்ப்பதற்கும் அழகு. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் எல்லா வளவுகளும் இப்படி மூடப்பட்டால் மழை எந்த வழியால் மண்ணுக்குள் போகும்? இலங்கை அரசாங்கம் 2005 இல் தேசிய மழைநீர்க் கொள்கை ஒன்றை வகுத்தது. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்புக்கு இடம் வைத்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முற்றத்தின் பத்தில் ஒரு பங்கையாவது மூடாமல் விடுவது நம் கையில் இருக்கும் காரியம்.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

பாத்தி வெட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உத்தேசித்த இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, வாயளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மீண்டும் ஒரு முறை நிரப்பி, நேரத்தைக் குறித்து வையுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் வற்றிவிட்டால் இடம் நல்லது. கடற்கரை மணலில் இது மணிக்கணக்கில் அல்ல, சில நிமிடங்களிலேயே வற்றிவிடும். வயலோர ஊர்களின் களிமண்ணில் மறுநாளும் தண்ணீர் அப்படியே நிற்கலாம். அப்படியானால் அந்த இடத்தில் பாத்தி வெட்டாதீர்கள். களி மண்ணில் பள்ளம் வெட்டினால் சேறும் நுளம்பும்தான் மிஞ்சும்.

இடம் தெரியும்போது கவனிக்க வேண்டியவை:

வீட்டு அத்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். சுவரடியில் தண்ணீரை இறக்கினால் சுவர் ஈரம் பிடிக்கும்.

மலசலகூடக் குழிக்கு மேலேயோ அருகிலோ வேண்டாம். அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவிலும் வேண்டாம்.

கிணற்றுக் கட்டை ஒட்டியும் வெட்டாதீர்கள். கூரைத் தண்ணீரில் பறவை எச்சமும் தூசும் வரும். அது மண்ணுக்குள் நடந்து வடிந்துதான் கிணற்றைச் சேர வேண்டும்.

நிறைந்து வழியும் தண்ணீர் அடுத்த வீட்டுப் பக்கம் போகாதபடி பாருங்கள். அயல் வீட்டாருக்குத் தொல்லை கொடுக்கும் பாத்தியால் நமக்குப் பலனில்லை.

மலைநாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. சரிவான நிலத்திலும், மண்மேடு வெட்டிக் கட்டிய வீட்டின் பின்புறத்திலும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அங்கே தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதே ஆபத்து. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நடந்த பெரும் மண்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சரிவில் உள்ளவர்கள் கூரைத் தண்ணீரைப் பீலியாலும் கானாலும் பாதுகாப்பாக வெளியேற்றுவதே சரி.

வெட்டுவதும் நடுவதும்

கூரையின் ஒரு பக்கத் தண்ணீருக்கு 10 அடிக்கு 10 அடி அளவில், 6 அங்குல ஆழத்தில் ஒரு பாத்தி போதும். ஓரங்களைச் சரிவாக வெட்டுங்கள். சரிவைக் கழித்துப் பார்த்தாலும் அதில் 1,000 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் பிடிக்கும். அடித்தளம் மட்டமாக இருப்பது அவசியம். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும். தோண்டிய மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் சிறு வரம்பாகக் கட்டி, அந்த வரம்பில் ஓரிடத்தை மட்டும் சற்றுத் தாழ்த்தி வழிவாயாக விடுங்கள். வளவு சிறிது என்றால் பாத்தியும் சிறிதாகவே இருக்கட்டும். 5 அடிப் பாத்தியும் வீண் போகாது.

பீலியிலிருந்து வரும் தண்ணீர் விசையோடு விழும் இடத்தில் நாலைந்து கருங்கற்களைப் போடுங்கள். கல் கிடைக்காவிட்டால் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அவற்றில் தண்ணீர் நின்று நுளம்பு முட்டையிடும்.

நடுவதற்கு, ஒரு நாள் முழுகி நின்றாலும் நாலு மாதம் காய்ந்தாலும் தாக்குப்பிடிக்கும் செடிகள் வேண்டும். பாத்தியின் நடுவில் கல்வாழையும் வெட்டிவேரும் நல்லவை. வெட்டிவேர் ஆழமாக வேரோடி மண்ணைத் திறந்து கொடுக்கும். சரிவில் ரம்பையை வையுங்கள், புரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் உதவும். மேல் விளிம்பில் வல்லாரையும் பொன்னாங்காணியும் பரவிக் கொள்ளும். அவற்றை நன்றாகக் கழுவிச் சமைத்து உண்ணுங்கள். இலைக் கக்கத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் அன்னாசி, சேம்பு போன்றவற்றை இங்கே தவிர்த்துவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தச் சிறு தண்ணீரே போதுமானது.

பருவத்துக்குப் பருவம் பராமரிப்பு

கிழக்கு, வடக்கு, புத்தளம் பகுதிகளில் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கிடைத்துவிடுகிறது. அங்குள்ளவர்களுக்கு வேலை ஒழுங்கு இப்படி அமையும்.

செப்டெம்பரில், மாரிக்கு முன்: இதுதான் வருடத்தின் பெரிய வேலை. பீலியில் சேர்ந்த இலைகளையும் மண்ணையும் அள்ளி எடுங்கள். பாத்தியின் அடியில் பொருக்குப் பிடித்த மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி அகற்றி, மண்முள்ளால் குத்திக் கிளறிவிடுங்கள். கோடை முழுவதும் படிந்த தூசு அப்படியே கிடந்தால் முதல் மழையில் அது பசைபோல் அடைத்துக்கொள்ளும். வழிவாய் திறந்திருக்கிறதா, வரம்பு இடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாத்திக்குள் பறந்து வந்து விழுந்த யோகட் கோப்பை, பிளாஸ்டிக் பை, சிரட்டை எல்லாவற்றையும் பொறுக்குங்கள்.

ஒக்டோபரில், முதல் மழையில்: கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரைத் தாங்கிக்கு விடாமல் பாத்திக்கே விடுங்கள். மழை விட்டதும் கையில் கடிகாரத்தோடு ஒரு முறை சோதியுங்கள். எத்தனை மணித்தியாலத்தில் வற்றுகிறது என்பதைக் கலண்டரில் எழுதி வைத்தால் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நவம்பரும் டிசம்பரும், அடைமழையில்: புதிதாக எதையும் நட வேண்டாம். ஈர மண்ணை மிதித்தால் அது இறுகிவிடும், ஆகவே பாத்திக்குள் இறங்காதீர்கள், பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள். தவழும் குழந்தைக்கு அரையடித் தண்ணீரும் ஆபத்து என்பதை மனதில் வையுங்கள். மழை நாட்களில் அந்தப் பக்கக் கதவைப் பூட்டியே வையுங்கள். விடாமல் பெய்தால் பாத்தி நிறைந்து வழிவாயால் போகும். அது குறையல்ல. ஊரையே மூடும் பெருவெள்ளத்தை எந்தப் பாத்தியாலும் தடுக்க முடியாது. சாதாரண மழைகளை மண்ணுக்குள் அனுப்புவதே அதன் வேலை.

பெப்ரவரியும் மார்ச்சும், மழை ஓய்ந்த பின்: மண் இளகியிருக்கும் இந்தக் காலம் நடுகைக்கு நல்லது. வேண்டாத புல்லை வேரோடு பிடுங்குங்கள். அடர்ந்துபோன கல்வாழையையும் வெட்டிவேரையும் பிரித்து இடைவெளியில் நடுங்கள். மிஞ்சியதை அயல் வீட்டுக்குக் கொடுங்கள். வற்றும் நேரம் கூடியிருந்தால் இப்போதே அடிமண்ணைக் கிளறி, மணலும் மக்கிய கூட்டெருவும் கலந்துவிடுங்கள். இரசாயனப் பசளை மட்டும் போடாதீர்கள். கற்பிட்டியில் தோட்டங்களுக்குப் போட்ட பசளை கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்து பெரும் பிரச்சினையானது. நாம் பாத்திக்குப் போடுவதும் நமது கிணற்றுக்கே போகும்.

மே முதல் ஓகஸ்ட் வரை, கச்சான் காற்றில்: மண் வெடிக்காதபடி இலைகுழையால் மூன்று அங்குலத் தடிப்பில் மூடுங்கள். செடி வாடினால் குழாய் நீர் தேவையில்லை. ஐந்து வேளையும் வீட்டார் வுழுச் செய்யும் தண்ணீரில் சவர்க்காரம் கலப்பதில்லை. அதை வாளியில் பிடித்து ஊற்றினால் தாராளமாகப் போதும். காய்ந்த தண்டுகளைத் தரையோடு வெட்டிவிடுங்கள். புதர் மண்டவிட்டால் பாம்பு வந்து தங்கும்.

கொழும்பு, பேருவளை, காலி, வெலிகம போன்ற ஈரவலயப் பகுதிகளில் அதிக மழை கிடைக்கிறது. அங்கே மழை இரண்டு முறை உச்சத்துக்கு வரும். மேயில் ஒன்று, ஒக்டோபர் நவம்பரில் ஒன்று. ஆகவே செப்டெம்பர் வேலையென்று மேலே சொன்னதை மார்ச்சிலும் செப்டெம்பரிலும் இரண்டு தடவை செய்ய வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் வரும் சிறு வறட்சியில் செடிகளைப் பிரித்து நடலாம். அங்கு புல் வேகமாக வளர்வதால் மாதம் ஒரு முறை களை பிடுங்காமல் முடியாது.

நுளம்பு வராதா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும்தான். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 க்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும்.

நுளம்பு முட்டை தண்ணீரில் பொரித்து, புழுவாகி, கூட்டுப் புழுவாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும். ஒரு நாளில் வற்றும் பாத்தியில் அது பிழைக்க வழியில்லை. ஆபத்து இரண்டு வழியால் வரும். ஒன்று, பாத்தி அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்பது. மற்றது, பாத்திக்குள் கிடக்கும் கோப்பையும் சிரட்டையும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். ஆகவே அப்படிப்பட்ட சாமான்களைக் கவிழ்த்து வைத்தால் போதாது, அப்புறப்படுத்தவும் வேண்டும்.

மழை விட்ட இரண்டாம் நாளும் பாத்தியில் தண்ணீர் நின்றால் தாமதிக்காதீர்கள். வாளியால் அள்ளி வளவில் வேறு இடத்தில் ஊற்றிவிடுங்கள். மண் காய்ந்ததும் அடியைக் கிளறி மணல் சேருங்கள். திருத்தியும் அடுத்த மாரியில் வற்றாவிட்டால் பாத்தியை மூடிவிட்டு அதில் சாதாரணச் செடி நடுங்கள். மண் மறுக்கும் இடத்தில் வற்புறுத்துவதில் பயனில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் மறைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மழைக்கு மறுநாள் வற்றிய பாத்தியைக் காட்டினால் அவருக்கே விளங்கும்.

பொறுப்பு யாருக்கு?

வெட்டும் வேலைக்கு வாப்பாவையோ வளர்ந்த மகனையோ கூப்பிடலாம். ஆனால் மழைக்கு மறுநாள் காலையில் வளவைச் சுற்றிப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பீலி ஒழுகுகிறது, கிணறு எப்போது உவர்க்கத் தொடங்குகிறது என்பதெல்லாம் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவை வைத்துத்தான் இந்தப் பாத்தி நிலைக்கும். பிள்ளைகளிடமும் ஒரு பங்கைக் கொடுங்கள். ஒரு நேரான பக்கங்களுள்ள டின்னில் இத்தனை மில்லிமீற்றர் மழை என்று அளந்து, பாத்தி வற்றிய நேரத்தையும் சேர்த்து எழுதட்டும். அளந்து முடிந்ததும் டின்னைக் கவிழ்க்க மறக்கக் கூடாது.

ஒரு வீட்டுப் பாத்தி ஊர்க் கிணறுகளையெல்லாம் இனிப்பாக்கிவிடாது. மணலுக்குள் இருக்கும் நீர்ப் படலத்துக்கு வேலியும் மதிலும் இல்லை. நீங்கள் இறக்கும் தண்ணீர் அயல் வீட்டுக் கிணற்றையும் சேரும், அவர் இறக்குவது உங்கள் கிணற்றுக்கும் வரும். ஆகவே ஒரு வீதியில் பத்து வீட்டார் பேசிச் செய்தால் அதன் பலன் பத்து வீட்டுக்கும்.

இந்தக் கிழமையே வளவில் ஓரடிக் குழி ஒன்றைத் தோண்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மண் குடிக்கிறதா இல்லையா என்று அதுவே பதில் சொல்லும். குடிக்கிறது என்றால் அடுத்த மழைக்கு முன் அந்த இடத்தை மழைக்குக் கொடுத்துவிடுங்கள்.